அறை முடிந்த பிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள்

இன்டீரியர் டிசைனர் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் உறுப்பினர்களுக்கும், இந்தத் தொழிலைக் கல்லூரிகளில் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

களிமண்ணில் விளக்கும் தட்டும் ஜாடியும் செய்கிற ஒரு சிறு பட்டறையை நடத்துகிறேன். எனக்கும், தறியில் துணி நெய்கிறவர்களுக்கும், மரம் கடைகிறவர்களுக்கும், கூடை பின்னுகிறவர்களுக்கும், கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும் உங்களிடமிருந்து வருகிற அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வேலையெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வீட்டை ஒப்படைக்கிறோம், ஷெல்ஃபில் ஓரிடம் வெறிச்சென்று இருக்கிறது, கையால் செய்ததாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், போட்டோ எடுக்க வேண்டும். கூப்பிடுகிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தொழிலுக்குப் பழகிப்போன வரிசைதான் என் கவலை. தரை, சுவர், கூரை, மின்சாரம், தச்சு, பெயின்ட், திரைச்சீலை என்று எல்லாம் முடிந்து, பட்ஜெட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் கடைசி வரியில் நாங்கள் வருகிறோம்.

அந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சிறு பட்டறைகள் அறைக்குச் சில பொருட்களைக் கொடுக்கின்றன, அவ்வளவுதான் என்று துறையில் ஒரு நினைப்பு இருக்கிறது. அறை எப்படி இருக்க வேண்டும் என்ற ரசனையையே பல தலைமுறைகளாகக் கொடுத்து வந்தவை அவைதான். நீங்கள் இன்று வரைகிற கரடுமுரடான சுவர், மேடுபள்ளமான டைல், சாயம் ஏறி இறங்கித் தெரிகிற துணி, புள்ளி விழுந்த தட்டு, ரேகை தெரிகிற மேஜை எல்லாம் முதலில் ஒரு பட்டறையில் யாரோ கைப்பணத்தைப் போட்டுச் செய்து பார்த்தவை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். கட்டடக் கலைஞர் பிலிப் வெப் கட்டிக்கொடுத்த ரெட் ஹவுஸ் என்ற வீட்டில் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1860-ல் குடிபுகுந்தபோது, கடையில் கிடைத்த சாமான் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மேஜை, நாற்காலி, சுவர் ஓவியம், தையல் வேலை செய்த திரை என்று தாங்களே செய்தார்கள். அதிலிருந்து 1861-ல் அவர்களின் சிறு நிறுவனம் பிறந்தது. 1864-ல் அதன் முதல் சுவர்த்தாள் வெளிவந்தது. நிறத்துக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்த தாள். அந்த இலையும் கொடியும் இன்னும் சுவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் பாடப்புத்தகங்களில் உள்ள கதைதான் இது, நீட்டவில்லை.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது நெசவாளர் ஆன்னி ஆல்பர்ஸை. ஜெர்மனியின் பௌஹவுஸ் டிசைன் பள்ளியில் சேர்ந்த பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் அனுப்பினார்கள். ஆல்பர்ஸும் அங்கே ஆசைப்பட்டுப் போனவர் இல்லை. அந்தச் சமயம் பெர்லினுக்குப் பக்கத்தில் பெர்னாவ் என்ற ஊரில் கட்டடக் கலைஞர் ஹான்னஸ் மேயர் ஒரு தொழிற்சங்கப் பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தார். அதன் அரங்கில் எதிரொலித் தொல்லை. அந்தக் காலத்தில் இதற்குச் சுவரில் வெல்வெட் ஒட்டுவார்கள். கைபட்டுக் கைபட்டு அழுக்குத் தெரியும் என்பதால் அடர்ந்த நிறத்தில் ஒட்டுவார்கள், இடம் இருண்டுபோகும். ஆல்பர்ஸ் ஒரே துணிக்கு இரண்டு முகம் கொடுத்தார். பின்பக்கம் ஒலியை வாங்கிக்கொள்ளும் பொசுபொசுவென்ற ஷெனில் நூல். முன்பக்கம் செலோஃபேன்; வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், துடைத்தால் சுத்தமாகிவிடும். 1930-ல் அவருக்குப் பட்டயம் கிடைத்தது இந்தத் துணிக்குத்தான். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவாளர் ஒருவருக்கு அங்கே அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வி தறிக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதைத்தான். இந்த அரங்கு எதிரொலிக்கிறது, இருட்டவும் கூடாது, என்ன செய்யலாம் என்று நெசவு தெரிந்தவரிடம் கேட்டார்கள். பதிலாகச் சுவரே கிடைத்தது. கட்டி முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் தொங்கவிட அழகாக ஏதாவது நெய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஒரு தொங்கல் கிடைத்திருக்கும், எதிரொலி அப்படியே இருந்திருக்கும்.

ஈடித் ஹீத் கதையும் இதே வகைதான். 1948-ல் கணவரோடு சேர்ந்து கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் மண்பாண்டப் பட்டறை தொடங்கினார். வெள்ளை வெளேரென்ற பீங்கான்தான் நல்ல வீட்டுக்கு அழகு என்றிருந்த காலம் அது. அவரோ உள்ளூர்க் களிமண்களைத் தேடிப்போய், அவற்றின் குணத்தைப் படித்து, மண்ணின் நிறமும் சொரசொரப்பும் வெளியே தெரிகிற மாதிரி தட்டுகளைச் செய்தார். அந்தத் தட்டில் தெரிந்த நிறமும் தொடு உணர்வும் கட்டடக் கலைஞர்களை இழுத்தன. பட்டறை டைல் செய்ய ஆரம்பித்தது. 1969-ல் திறந்த பாசடீனா அருங்காட்சியகக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்க அவருடைய பழுப்பு டைல்கள். 1971-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. சாப்பாட்டு மேஜையில் தொடங்கிய ஒரு ரசனை கட்டடத்தின் வெளிச்சுவர் வரைக்கும் போனது. இந்தத் திசையில்தான் செல்வாக்கு நகர்கிறது, நம் திட்டத் தாள்களில் அது எதிர்த் திசையில் நகர்வதாக எழுதியிருந்தாலும்.

டோரதி லீபெஸ் என்று ஒரு நெசவாளர் இருந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் சின்னப் பட்டறை. தறியில் பருத்தி, கம்பளியோடு நிற்கவில்லை. மூங்கில் பட்டை, தோல் வார், மினுங்கும் உலோக இழை என்று எதையெல்லாமோ ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, கொடுத்தார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று எல்லோரும் ஒதுக்கிய நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃபிராங்க் லாய்ட் ரைட் போன்ற கட்டடக் கலைஞர்கள் அவரிடம் வாங்கினார்கள். அப்புறம் பெரிய மில்கள் அவரைக் கூப்பிட்டு, ஆலோசகராகச் சம்பளம் கொடுத்து, அந்த நிறங்களை விசைத்தறிக்குக் கொண்டுபோயின. கைத்தறியில் பிறந்த ஒன்று பல்லாயிரம் வீடுகளுக்குப் போனது. அதை உருவாக்கியவருக்குப் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்தன. இப்படிச் செய்ய முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு வடிவம் போவதை நான் எதிர்க்கவில்லை. எப்படிப் போகிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

புதிது எப்போதும் ஏன் சிறு பட்டறையிலிருந்து வருகிறது? எங்களுக்குத் திறமை கூடுதல் என்பதால் வருவதில்லை. தொழிற்சாலையில் ஒரு தட்டு செய்ய அச்சு வெட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில் போட வேண்டும், விற்கும் என்று யாராவது முன்கூட்டியே நிரூபித்திருக்க வேண்டும். எனக்கு அது தேவையில்லை. கிளேஸில், அதாவது மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடுகிற கண்ணாடிப் பூச்சில், இரும்பு ஆக்சைடு 2 சதவீதம் போட்டு, சூளையில் காற்றைக் குறைத்து வேகவைத்தால் நீலம் கலந்த இளம்பச்சை வரும். அதையே 8, 10 சதவீதமாக்கினால் கருப்புக்குப் பக்கத்தில் போகிற பழுப்பு வரும். நடுவில் 3, 4, 5 என்று ஒவ்வொன்றையும் சின்ன வில்லையில் தடவி அடுத்த சூளையிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலானவை உதவாது. உதவுகிற ஒன்று ஒரு உணவகத்தின் மேஜைக்குப் போகும், அங்கிருந்து ஒரு பத்திரிகைப் படத்துக்குப் போகும், அங்கிருந்து நீங்கள் படமும் நிறமும் ஒட்டித் திட்டமிடுகிற மூட் போர்டுக்கு வரும். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை அச்சு வெட்டும். உதவாமல் போன அத்தனை வில்லைகளின் மண்ணும் எரிபொருளும் நேரமும் எங்கள் கணக்கில் இருக்கின்றன. உங்கள் துறைக்கான ஆராய்ச்சிச் செலவை நாங்கள் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னால் அது மிகையில்லை.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து ஜெலீஜ் டைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் களிமண்ணைக் கையால் தட்டி, வெயிலில் காயவைத்து, சுட்டு, கிளேஸ் ஏற்றி, திரும்பச் சுட்டு, உளி போன்ற கனமான சுத்தியால் ஓரம் வெட்டுகிறார்கள். ஒரு டைல் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று வெளிச்சத்தை வாங்கும்போது பக்கத்து டைல் மங்கலாக இருக்கும். நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசல் சுவரிலும் முற்றத்திலும் இருந்த அது, உலகம் முழுக்கச் சமையலறைச் சுவருக்கும் குளியலறைக்கும் வந்தது. இன்று தொழிற்சாலைகள் அந்த மேடுபள்ளத்தை அச்சில் வார்த்து, நிற ஏற்ற இறக்கத்தை மேலே அச்சடித்து விற்கின்றன. சுவரில் ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம் பார்த்தால் தெரியும், ஒரே 'தற்செயல்' சில டைல்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அட்லஸ் மலையில் பெனி ஊராயின் மக்கள் நெய்கிற கம்பளி விரிப்புக்கும் இதுதான் நடந்தது. லெ கொர்பூசியே, ஆல்வார் ஆல்ட்டோ போன்ற நவீனக் கட்டடக் கலைஞர்கள் விரும்பி விரித்த அந்த வெள்ளை விரிப்பின் கருங்கோட்டுக் கட்டங்கள், இன்று பிளாஸ்டிக் இழையில் இயந்திரத்தில் ஓடி வருகின்றன. நெய்த பெண்களின் பெயர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். யார் என்று சொல்லப்போவதில்லை, அது இந்த மடலின் நோக்கமும் இல்லை. ஒரு டிசைன் அலுவலகம் ஒரு தங்கும் விடுதி வேலைக்காக என்னிடம் விளக்குக் கூடு ஒன்றின் மாதிரியைக் கேட்டு வாங்கியது. அளவு, எடை, சுவர்த் தடிமன், பல்பு விவரம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். பிறகு பேச்சே இல்லை. மாதிரியும் திரும்பவில்லை. அந்த விடுதி திறந்த பிறகு வெளியான படங்களில் என் விளக்கு வரிசையாகத் தொங்கியது. நான் செய்தவை இல்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஈரமாக இருக்கும்போது கூட்டைச் சக்கரத்திலிருந்து தூக்குகையில் விளிம்புக்குக் கீழே என் கட்டைவிரல் பட்டு ஒரு சின்னக் குழி விழும். ஒவ்வொன்றிலும் அது ஒவ்வோர் இடத்தில் விழும், சிலவற்றில் விழவே விழாது. அந்தப் படத்தில் எல்லா விளக்கிலும், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அந்தக் குழி இருந்தது. மாதிரியிலிருந்து நேரடியாக அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். என் விரல் பட்ட இடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவமைப்புக்கே, வெளியிட்ட நாளிலிருந்து 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால் 5 ஆண்டு 5 ஆண்டாகப் புதுப்பித்து 25 ஆண்டு வரை போகலாம். இடத்தோடு பிணைந்த கைவினைப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு கொடுக்கும் விதிகளையும் 2023-ல் கொண்டுவந்து, 2025 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் 3 பேர் வேலை செய்கிற பட்டறை வக்கீல் வைத்து வழக்கு நடத்துகிற நாட்களில் சூளை எரியாது. சட்டம் எட்டாத இந்த இடத்தைத் தொழில் ஒழுக்கம்தான் நிரப்ப முடியும். அது உங்கள் சங்கங்களின் கையில் இருக்கிறது. உங்கள் நடத்தை விதிகளில் வாடிக்கையாளரிடம் எப்படி நடக்க வேண்டும், சக டிசைனரின் வேலையை எப்படி மதிக்க வேண்டும் என்று எழுதிவைப்பீர்கள். பட்டறை கொடுத்த மாதிரியை, அந்தப் பட்டறையின் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்துச் செய்யவைப்பது தொழில் விதிமீறல் என்று அதோடு ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். சிறு பட்டறைகளோடு வேலை செய்வது கஷ்டம், சொன்ன நாளில் வராது, ஒன்று போல் ஒன்று இருக்காது, விலை கூடுதல், பில் ஒழுங்காக அனுப்பமாட்டார்கள் என்பீர்கள். இதில் கடைசியாகச் சொன்னதை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும், மறுக்கவில்லை. தெளிவான விலைப்பட்டியல், நல்ல பேக்கிங், தேதி தள்ளிப்போனால் முன்கூட்டியே ஒரு போன், இவையெல்லாம் எந்தப் பட்டறையாலும் முடிகிற காரியங்கள். ஆனால் தாமதத்துக்குப் பாதிக் காரணம் எங்களைக் கடைசியில் கூப்பிடுவது. சக்கரத்தில் இழுத்த கூடு மெதுவாகக் காய வேண்டும், அவசரப்படுத்தினால் அடி வெடிக்கும். காய்ந்ததும் முதல் சூடு, பிறகு கிளேஸ், பிறகு 1200 டிகிரிக்கு மேல் இரண்டாவது சூடு, சூளை தானாக ஆறுவதற்கே ஒரு நாளுக்கு மேல். பெரிய உருப்படியாக இருந்தால் எல்லாமே இன்னும் நீளும். மரக்காரர் நிலைமை இன்னும் கடினம். பலகையை வெளிக்காற்றில் காயவைக்க ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது அவர்கள் பழைய கணக்கு. இந்த நாட்களை யாரும் குறைக்க முடியாது. உங்கள் கால அட்டவணைக்குள் முன்னால் நகர்த்தலாம், அவ்வளவுதான்.

ஒன்று போல் ஒன்று இல்லை என்பதற்கும் வழி இருக்கிறது. 40 விளக்கு வேண்டும் என்றால், ஒரு மாதிரியைக் காட்டி இதே மாதிரி 40 என்று கேட்காதீர்கள். இரண்டு எல்லைகளைப் பேசி முடிவு செய்வோம்: இவ்வளவு வெளுப்பு வரை சரி, இவ்வளவு அடர்த்தி வரை சரி, நடுவில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று. சூளையின் மேல்தட்டில் வெந்தது ஒரு சாயல், கீழ்த்தட்டில் வெந்தது இன்னொரு சாயல். அதைத் தெரிந்துகொண்டு எது எங்கே தொங்க வேண்டும் என்று அடுக்குவது டிசைனரின் வேலை. நல்ல டிசைனர்கள் அதை ரசித்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

முன்னால் கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதை என் விளக்கிலேயே காட்டுகிறேன். போர்சலின் மண்ணில் செய்த கூடு, வெந்த பிறகு 2 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் வெளிச்சம் சுவர் வழியாகவே கசிந்து, கூடு முழுக்க மிளிரும். இன்னும் 2 மில்லிமீட்டர் ஏறினால் அந்த மிளிர்வு அநேகமாகப் போய்விடும், வெளிச்சம் கீழே மட்டும் விழும். ஒன்று அறையை நிரப்புகிற விளக்கு, மற்றது மேஜையை மட்டும் காட்டுகிற விளக்கு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எது வேண்டும் என்பதை மற்ற விளக்குகளின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் பேச வேண்டும், பிறகு பேசிப் பயனில்லை. அளவும் அப்படித்தான். மண் ஈரத்திலிருந்து வெந்து முடிவதற்குள் 12 சதவீதம் போலச் சுருங்கும். 30 சென்டிமீட்டர் கூடு வேண்டுமென்றால் நான் 34 சென்டிமீட்டருக்கு இழுக்க வேண்டும், ஹோல்டர் நுழையும் துளையும் அதே கணக்கில் பெரிதாக வெட்ட வேண்டும். கடைசி நிமிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொடுங்கள் என்றால் அது புதிதாக ஒரு விளக்கு.

அப்புறம் நிறம். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பில் என் வெள்ளைக் கூடு வெதுவெதுப்பான மஞ்சள் காட்டும். 4000 கெல்வினில் அதே கூடு சாம்பல் பூத்துப்போகும். அந்த வெளிச்சம் போய் விழுகிற சுவரின் பெயின்டை, கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். விளக்கை மாட்டிய அன்று மாலை சுவர் வேறு நிறமாகிவிடும், பழி விளக்கின் மேல் விழும். பெயின்டுக்கு முன் கூப்பிட்டால், சோதனைக்கு வைத்திருக்கிற ஒரு கூட்டை எடுத்து வருவேன். பொழுது சாய்ந்ததும் ஒயரில் தொங்கவிட்டு, சுவரில் இரண்டு மூன்று பெயின்டைத் தடவிப் பார்த்துவிடலாம். ஒரு மாலை போதும். எடை வேறு இருக்கிறது. பெரிய மண் விளக்கு 3 கிலோ வரைக்கும் வரும், வெறும் ஜிப்சம் பலகை அதைத் தாங்காது. ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் மேலே ஒரு பிடிமானம் வைத்தால் கால்மணி நேர வேலை. மூடிவிட்டு, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்த பிறகு என்றால் கூரையைத் திரும்பப் பிளக்க வேண்டும். அப்போதுதான் "இந்த விளக்கு வேண்டாம், லேசாக ஏதாவது பார்ப்போம்" என்ற வார்த்தை வரும்.

நெசவாளரைக் கேட்டால் தறி அகலத்தைச் சொல்வார். 120 சென்டிமீட்டர் தறியில் நெய்த துணியை 3 மீட்டர் ஜன்னலுக்குப் போட்டால் இணைப்பு விழத்தான் செய்யும். ஜன்னல் சட்டம் போடும்போதே தெரிந்திருந்தால் அந்த இணைப்பைச் சட்டத்துக்கு நேரே கொண்டுவந்து, அதையே திரையின் வடிவமாக்கிவிடலாம்.

இப்போது பெயர் விஷயம். முடிந்த அறையின் படம் பத்திரிகையில் வரும்போது டிசைனர் பெயர் இருக்கும், கட்டடக் கலைஞர் பெயர் இருக்கும், போட்டோ எடுத்தவர் பெயர் இருக்கும், குழாய் எந்தக் கம்பெனி என்பதுகூடச் சில சமயம் இருக்கும். நடுவில் தொங்குகிற விளக்கையும் கீழே விரித்திருக்கிற விரிப்பையும் செய்தவர் பெயர் இருக்காது. "கைவினைப் பொருட்கள்" என்று ஒரு சொல் இருந்தால் பெரிது. 1903-ல் வியன்னாவில் ஜோசப் ஹாஃப்மனும் கோலோமன் மோசரும் தொடங்கிய வீனர் வெர்க்ஸ்டாட்டே பட்டறையின் வெள்ளிச் சாமான்களைத் திருப்பிப் பார்த்தால் பட்டறை முத்திரையோடு வடிவமைத்தவரின் எழுத்தும், அதைத் தட்டிச் செய்தவரின் எழுத்தும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். வரைந்தவரும் செய்தவரும் ஒரே உலோகத்தில் பக்கத்தில் பக்கத்தில். பிரஸ்ஸல்ஸில் ஸ்டாக்லெ மாளிகையை, கட்டடத்திலிருந்து கரண்டி வரை, அந்தப் பட்டறை ஒரே கையாகச் செய்து கொடுத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கரண்டியின் அடியில் முடிந்த காரியம், இன்று இவ்வளவு பெரிய பக்கத்தில் முடியாதா?

இதற்கு யானகி சோயெட்சுவைக் காட்டிப் பதில் சொன்னவர்கள் உண்டு. 1920-களில் ஜப்பானில் மிங்கெய் என்ற நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைத் தொடங்கி, 1936-ல் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் அமைத்தவர் அவர். பெயர் தெரியாத கைகள் அன்றாடப் பயனுக்குச் செய்த பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்றார். எனக்கும் அவர் மேல் பெரிய மதிப்பு. ஆனால் அவர் பேசியது, தலைமுறை தலைமுறையாக ஊரே சேர்ந்து தேய்த்து உருவாக்கிய கிண்ணத்தை. அதில் தனி ஒருவர் பெயர் இல்லை என்றால் வேறு யாரும் அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் மற்ற எல்லோரின் பெயரும் அச்சாகியிருக்க, செய்தவர் பெயரை மட்டும் விடுவதற்கு மிங்கெய் துணைக்கு வராது.

சிற்பி இசாமு நோகுச்சியின் அக்காரி என்ற காகித விளக்கை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1951-ல் அவர் ஜப்பானின் கிஃபு நகரத்துக்குப் போனபோது அங்கே மூங்கில் கீற்றிலும் முசுக்கட்டை நார்க் காகிதத்திலும் விளக்குக் கூடு செய்கிற தொழில் தளர்ந்து கிடந்தது. அதே கைகளை, அதே காகிதத்தை வைத்துக்கொண்டு, மின்விளக்குக்கு ஏற்ற மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை உருவாக்கினார். இன்றும் அவை கிஃபுவில்தான் கையால் செய்யப்படுகின்றன. உலகம் முழுக்க மலிவு விலையில் தொங்குகிற வெள்ளைக் காகித உருண்டைகளின் சாயலில் அந்தப் பட்டறையின் பங்கு பெரிது. ஒரு டிசைனர் பட்டறைக்கு நேரில் போய், அங்கேயே உட்கார்ந்து வரைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிகளில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வைமாரில் பௌஹவுஸ் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். வடிவம் கற்றுக்கொடுக்க ஒருவர், கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஒருவர். உங்கள் பாடத்திட்டத்தில் முதலாமவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார். உங்கள் மாணவர்கள் திரையில் அருமையாக வரைகிறார்கள். ஆனால் ஒரு துணியைக் கையில் வாங்கி எது நீள இழையான பாவு, எது ஊடை என்று பார்க்கவும், ஒரு தட்டைத் தட்டிப் பார்த்து நன்றாக வெந்திருக்கிறதா என்று கேட்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மெட்டீரியல் லைப்ரரியில் கம்பெனிகள் இலவசமாக அனுப்பிய அட்டைகள் அடுக்கியிருக்கும், அவை போதாது. ஒரு பருவமாவது மாணவர்களைப் பட்டறைகளுக்கு அனுப்புங்கள். பார்வையிட வரவேண்டாம், வேலை செய்ய வரட்டும். சொல்லிக்கொடுக்கிற நேரத்துக்குப் பட்டறைக்காரருக்கும் ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள்.

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. மாதிரி பற்றிய அந்த ஒரு வரி நடத்தை விதிகளில் வரட்டும். மாதிரிக்குக் காசு கொடுக்கும் வழக்கம் வரட்டும், ஆர்டர் வந்தால் அதிலே கழித்துக்கொள்கிறோம். நீங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற ஒப்பந்தப் படிவத்தில், திட்டத்தின் தொடக்கக் கூட்டத்துக்கே பட்டறைகளை அழைப்பதற்கும், அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கொடுப்பதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். பொருளுக்குப் பாதி முன்பணம் வேண்டும். மண்ணும் மரமும் நூலும் நாங்கள் ரொக்கத்துக்கு வாங்குகிறோம், 60 நாள், 90 நாள் தவணை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பிறகு, உங்கள் விருதுக்கு விண்ணப்பிக்கிற படிவத்தில் செய்தவர்களின் பெயருக்கு ஒரு கட்டாயப் பகுதி சேர்த்துவிடுங்கள். விருதுப் படிவத்தில் கேட்டால் அலுவலகங்கள் திட்டம் தொடங்கும்போதே அந்தப் பெயர்களை எழுதிவைக்கும், பத்திரிகைக்கும் அது தானாகப் போய்ச்சேரும்.

இந்த வரிகளை எழுதித்தரச் சொன்னால் நானும், நெசவிலும் மரத்திலும் இருக்கிற என் நண்பர்களும் உட்கார்ந்து வரைவு எழுதித் தருகிறோம். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து பேசவும் தயார். தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சூளை எரிகிற நாளாக இருந்தால் மாற்றிவைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு களிமண் பட்டறையிலிருந்து